கிறிஸ்துமஸ் அச்சு முறுக்குக்கு எந்த அச்சை வாங்கலாம்?

அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையாண்டுவந்த இரும்பு அச்சின் கம்பி, சென்ற டிசம்பர் தொடக்கத்தில் பற்றவைப்பு விட்டுக் கழன்றுவிட்டது. கடைக்குப் போய் ஒன்றை எடுத்து வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துச் சென்ற எனக்கு, பாளையங்கோட்டைப் பாத்திரக் கடையில் வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம் என வகைவகையாகத் தொங்கிய அச்சுகளைப் பார்த்ததும் குழப்பம் வந்துவிட்டது. இரும்பில் ஒன்றும் அலுமினியத்தில் ஒன்றும் வாங்கினேன். நாகர்கோவிலிலிருந்து வந்த பெரியம்மா தம்முடைய பித்தளை அச்சைக் கொண்டுவந்தார். தங்கை இணையத்தில் வாங்கிய நான்ஸ்டிக் அச்சு ஒன்றும் சேர்ந்துகொண்டது. நான்கையும் ஒரே மாவில், ஒரே எண்ணெயில், இரண்டு மாலைப்பொழுதுகளில் சோதித்துப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் குடும்பமாகக் கூடிக் குக்கீ செய்வது என்றால் பலருக்கு ஓவன்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் ஓவன் பிற்பாடு வந்தது. கிறிஸ்துமஸ் பலகாரம் எண்ணெய்ச் சட்டியில்தான் பிறந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரோஸ் குக்கீஸ் என்றும், கேரளத்தார் அச்சப்பம் என்றும் அழைக்கும் பூ வடிவப் பண்டமே எங்களுக்கு அச்சு முறுக்கு. கல்கலா, முந்திரிக்கொத்து ஆகிய மற்றக் கிறிஸ்துமஸ் பலகாரங்களை அச்சில்லாமல் செய்துவிடலாம். அச்சு முறுக்கின் தலையெழுத்தோ அச்சின் கையில்தான் இருக்கிறது. மாவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அச்சு சரியில்லையென்றால் பூ விரியாது.

நாங்கள் எடுத்த அளவு 500 கிராம் பச்சரிசி மாவு, 100 கிராம் மைதா, 200 கிராம் சீனி, 2 முட்டை, ஒரு பெரிய தேங்காயின் பால், இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு எள், சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி. மாவு தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாகப் படியும் பதத்தில் இருக்க வேண்டும். சீனி இதற்கு மேல் கூடினால் முறுக்கு உள்ளே வேகும் முன்பே வெளியே சிவந்து, அச்சையும் பற்றிக்கொள்ளும். காய்ந்த எண்ணெயில் அச்சை வைத்துச் சூடேற்றி, அதன் மேல் விளிம்பு மாவில் மூழ்கிவிடாதபடி முக்கால் பாகம் மட்டும் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கி, ஓரம் இறுகத் தொடங்கும்போது மெல்ல அசைத்தால் பூ தானாகக் கழன்று மிதக்க வேண்டும். அச்சின் சூடு குறைந்திருந்தால் மாவு பிடிக்காமல் வழிந்துவிடும். சூடு மிகுந்திருந்தால் தொட்டவுடனேயே மாவு வெந்து, கிண்ணத்துக்குள்ளேயே கழன்று விழும். ஆகவே நல்ல அச்சு என்பது மாவைப் பிடிக்கவும் வேண்டும், நேரம் வந்தவுடன் விட்டுவிடவும் வேண்டும். நான்கு அச்சுகளையும் இந்த இரண்டையும் வைத்தே மதிப்பிட்டேன்.

வார்ப்பிரும்பு அச்சுக்கு 320 ரூபாய் கொடுத்தேன். கையில் எடுத்தாலே கனம் தெரியும். அந்தக் கனம்தான் அதன் சிறப்பு. ஒரே பருமனுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் ஒப்பிட்டால், இரும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலான வெப்பத்தைத் தேக்கிவைக்கும். அதனால் குளிர்ந்த மாவில் தோய்க்கும்போது அதன் சூடு சட்டென்று இறங்குவதில்லை. முதல் ஏழெட்டு முறுக்குகள் ஒட்டிக்கொண்டு எங்களைச் சோதித்தது உண்மைதான். ஈர்க்குச்சியால் ஓரத்தை நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின் ஏறத்தாழ எண்பது முறுக்குகள், ஒன்றுகூட உடையாமல், இதழ்கள் தெளிவாகத் தெரியும்படி விழுந்தன. இரண்டாம் நாள் மாலையில் அந்தத் தொடக்கச் சிக்கலும் இல்லை. அச்சின் மேல் எண்ணெய் படிந்து கறுக்கக் கறுக்க அது பழகிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

அலுமினிய அச்சு 140 ரூபாய்தான். விரைவில் காய்ந்துவிடும் என்பது அதன் ஒரே நன்மை. அதே வேகத்தில் ஆறியும் விடுகிறது. சுவர் மெல்லியதாக இருந்ததால், தோய்த்த மாவு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் வலைபோல் ஓட்டை விட்டும் படிந்தது. ஒவ்வொரு முறையும் அரை நிமிடமாவது எண்ணெயில் காத்திருந்து சூடேற்ற வேண்டியிருந்தது. விலை குறைவென்று இதை வாங்குபவர்கள் முதல் மாலையிலேயே சலித்துப்போய், அச்சு முறுக்கே நமக்கு வராது என்று கைவிட்டுவிடுவார்களோ என்பதுதான் என் வருத்தம். குறை அவர்கள் கைப்பக்குவத்தில் இல்லை.

பெரியம்மாவின் பித்தளை அச்சைப் பற்றி நிறையச் சொல்லலாம். பித்தளையில் நுணுக்கமான வார்ப்பு அமையும் என்பதால், அதன் இதழ்கள் இரும்பு அச்சின் இதழ்களைவிட மெல்லியவை. எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கை விளக்குக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரிந்தது. வெப்பம் அச்சு முழுவதும் சீராகப் பரவுவதால் நிறமும் ஒரே பொன்னிறமாக வந்தது. அழகுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நான் இதையே முதலாவதாக வைப்பேன். ஆனால் இப்போது கடையில் அதே அளவுப் பித்தளை அச்சின் விலை 900 ரூபாய். அதோடு பராமரிப்பிலும் கவனம் வேண்டும்: புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், பல நாள் படிந்த எண்ணெய்ப் பதம் போய்விட்டு மீண்டும் ஒட்டத் தொடங்கும், தேய்க்காமல் ஈரத்தோடு வைத்தால் பச்சைக் களிம்பு ஏறும். பெரியம்மா அதைச் சோப்பில்கூடப் போடுவதில்லை. சூட்டோடு துணியால் துடைத்து, நல்லெண்ணெய் தடவி வைக்கிறார். அந்தப் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் பித்தளையை வாங்கலாம்.

நான்ஸ்டிக் அச்சைப் பற்றிச் சொல்லச் சிறிதளவே உண்டு. விடுவதில் அது கெட்டி, பிடிப்பதில்தான் தோற்றுவிட்டது. மாவு அதன் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பூ, நட்சத்திரம், வண்ணத்துப்பூச்சி எனத் தலையை மட்டும் திருகி மாற்றும் வகை அது. நார்வேயிலும் சுவீடனிலும் கிறிஸ்துமஸுக்கு இதே முறையில் எண்ணெயில் பொரிக்கும் பூப் பலகாரம் உண்டு. அங்கே இத்தகைய மாற்றுத் தலைகள் வழக்கம். எங்களுக்கோ திருகின் இடுக்கில் மாவு புகுந்து கரிந்துபோனது, அதைச் சுத்தம் செய்வதே தனி வேலையாயிற்று.

எந்த உலோகமாக இருந்தாலும் கடையிலேயே சிலவற்றைப் பார்த்து வாங்குவது நல்லது. அச்சைச் சமதரையில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். கோணலாக இருந்தால் மாவு ஒரு பக்கம் விளிம்பைத் தாண்டி ஏறி, முறுக்கு கழலாமல் பூட்டிக்கொள்ளும். இதழ்ச் சுவர் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்க வேண்டும், அப்போதுதான் பூ கீழ்நோக்கி நழுவும். சுவரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். கம்பி ஒரு சாணுக்கு மேல் நீண்டு, மரப்பிடியோடு இருப்பது கட்டாயம். முழுவதும் இரும்பாலான பிடி பத்து முறுக்குக்குள் கையைச் சுட்டுவிடும். துணியைச் சுற்றிப் பிடித்தால் அந்தத் துணி எண்ணெயில் தொங்கும் அபாயமும் இருக்கிறது.

இந்தச் சோதனையில் நான் கண்டுகொண்ட முக்கியமான செய்தி, ஒரு அச்சு போதாது என்பதுதான். ஒரே அளவில் இரண்டு இரும்பு அச்சுகள் இருந்தால், ஒன்றில் முறுக்கு வேகும்போது மற்றொன்று அதே எண்ணெயில் சூடேறிக்கொண்டிருக்கும். ஒற்றை அச்சில் தொண்ணூறு முறுக்கு சுட இரண்டரை மணி நேரம் ஆயிற்று; இரண்டாவது இரும்பு அச்சை வாங்கி வந்த பிறகு அதே எண்ணிக்கை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நேரத்தைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் அம்மா மட்டும் அடுப்படியில் தனியாக வியர்த்துக்கொண்டிருப்பார்; இப்போது அம்மாவும் மதினியும் எதிரெதிரே அமர்ந்து ஆளுக்கொரு அச்சைப் பிடிக்க, பேச்சும் வேலையும் சேர்ந்து நடந்தன. குழந்தைகளை எண்ணெய்ப் பக்கம் விடவே கூடாது. மாவு சலிப்பது, எள் தூவுவது, ஆறிய முறுக்குகளை எண்ணி டின்னில் அடுக்குவது ஆகியவை அவர்கள் பொறுப்பு. டிசம்பர் மழையில் காற்றின் ஈரம் அதிகமாதலால், முழுவதும் ஆறிய பின்பே மூட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்தோம். வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் வந்த இரவில் எட்டு நாள் ஆகியிருந்த டின்னைத் திறந்தபோதும் முறுக்கு நொறுங்கும் ஓசையோடுதான் உடைந்தது.

ஆகவே என் பரிந்துரை இரண்டு வார்ப்பிரும்பு அச்சுகள். டிசம்பர் கடைசி வாரத்தில் வாங்கி அன்றே சுட உட்காராதீர்கள். நவம்பரிலேயே வாங்கி, நன்றாகக் கழுவி, அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறவையுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். பிறகு ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்து, மறுநாள் எண்ணெயில் சிறு தீயில் கால்மணி நேரம் காய்ச்சி எடுங்கள். எங்கள் முதல் அச்சுக்கு இதைச் செய்ய நேரமில்லாததால்தான் அந்த ஏழெட்டு முறுக்குகள் ஒட்டின. இப்படிப் பழக்கிய இரண்டாவது அச்சு முதல் பூவையே முழுதாக விட்டது.