ஏற்காட்டில் ‘கனடா மர வீடு’ கட்டப் போகிறீர்களா?

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து மூலையில் இரண்டு அறையில் மர வீடு கட்டினேன். இரண்டாவது மழைக்காலத்திலேயே பாதிச் சுவரைப் பிரித்துப் போட்டாயிற்று. சேலத்துக் கட்டுமானக்காரர் “அப்படியே கனடா முறை சார், ஒரு மாற்றமும் கிடையாது” என்றபோது பூரித்துப் போனவன் நான்.

மரத்தில் குறை சொல்ல மாட்டேன். ஸ்ப்ரூஸும் பைனும்தான். டூ பை ஃபோர், அதாவது இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று பெயர் சொல்லி விற்கும் சட்டத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம் வரும். அது ஏமாற்று இல்லை, இழைத்த மரத்துக்கு அங்கே அதுதான் கணக்கு. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரக்கால், இடையில் கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே மரச்சீவலைப் பசை போட்டு அழுத்திய ஓஎஸ்பி பலகை, உள்ளே ஜிப்சம் போர்டு, அதன் பின்னால் சுவர் முழுக்க பிளாஸ்டிக் ஷீட்.

அந்த ஷீட்தான் முதல் வினை. கனடாவில் வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து குளிர்ந்து நீராகிவிடக் கூடாதென்று சூடான உள்பக்கத்தில் ஷீட் அடிக்கிறார்கள். ஏற்காட்டில் யார் வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது? இங்கே ஈரம் வெளியிலிருந்து, மழையும் மூடுபனியுமாக வருகிறது. நனைந்த சுவர் உள்பக்கமாகக் காய வழியே இல்லை. பூசண வாடை தாங்காமல், மழை விட்டு வெயிலடித்த ஒரு மத்தியானம் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். ஷீட்டின் முதுகில் முத்து முத்தாகத் தண்ணீர். பஞ்சு கறுத்துத் தொங்கியது.

அப்புறம் கரையான். கனடாவின் பெரும்பகுதியில் அந்தத் தொல்லையே கிடையாது. இங்கே மண்ணுக்கு மருந்தடிக்க ஐஎஸ் 6313 என்று தனி இந்தியத் தர விதியே இருக்கிறது. என் வீட்டுக்கு ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. அமெரிக்க விதிகூட மருந்தேற்றாத மரம் மண்ணிலிருந்து 8 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும் என்கிறது. கட்டுமானக்காரர் விட்டது நான்கு. ஆக அந்த ஊர் முறையும் இல்லை, நம்மூர் முறையும் இல்லை. அடிக்கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை போனது.

தோட்டத்துக்கு வழக்கமாக வரும் ஆசாரி, வீடு கட்டும்போதே கேட்டார்: “ஏனுங்க, கல்லுல ஒண்ணரை அடி தூக்காம மரத்த நிறுத்தறாங்களே?” வெளிநாட்டு முறைங்க என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

கட்டுமானக்காரர் இப்போது போன் எடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் பத்து வருட உத்தரவாதம் இருக்கிறது, கீழே பொடி எழுத்தில் ‘ஈரம், பூச்சி நீங்கலாக’. மர வீட்டுக்கு அந்த இரண்டையும் நீக்கிவிட்டால் வேறு எதற்கு உத்தரவாதம்? கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். ஷீட் எந்தப் பக்கம், மரத்துக்கு என்ன மருந்து, பீடம் எத்தனை உயரம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஆசாரி திங்கட்கிழமை கல் வேலை ஆரம்பிக்கிறார்.