புதுப் புல்தரையில் சொட்டை: இரண்டு வருட அனுபவம்

2023 மார்ச் கடைசியில் வீட்டு முன்பக்கம் 400 சதுர அடிக்கு பெர்முடா கார்பெட் கிராஸ் போட்டோம். மண்ணோடு வெட்டிக் கொண்டுவரும் புல், இரண்டடிக்கு ஓரடி துண்டு, மொத்தம் 200. அன்று சாயங்காலமே ஃபோட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன், சித்தி மாமா எல்லாரும் கைதட்டினார்கள். மே மாதம் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. கேட் ஓரம் ஒரு சொட்டை, மதில் ஓரம் ஒரு சொட்டை, நடுவில் அங்கங்கே திட்டுத் திட்டாக மஞ்சள்.

எங்கள் வீடு கோவையின் மேற்குப் பக்கம். ஜூன் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தூறலும் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை. புல் நட ஜூன்தான் தோது. நான் கிரகப்பிரவேச அவசரத்தில் மார்ச்சில் போட்டேன். முதல் தப்பு அது, அதற்கு நர்சரிக்காரரைக் குறை சொல்ல முடியாது.

அவரைக் குறை சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. சொட்டை விழுந்ததும் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "புதுத் துண்டு வச்சிரலாம் சார்" என்றார். வைத்தார், காசு வாங்கினார், ஒரே மாதத்தில் அதுவும் காய்ந்தது. மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை காசு கொடுக்க மனசு வராமல் நானே கடப்பாரையை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

கேட் ஓரத்தில் கடப்பாரை போட்டதும் 'டங்' என்றது. மூன்று விரல் ஆழத்துக்குக் கீழே மண்ணே இல்லை. பூச்சு வேலையில் மிஞ்சிய சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், ஜல்லி, நடுவில் ஒரு குட்கா பாக்கெட். வீடு கட்டும்போது கலவை போட்ட இடம் அது. மேலே செம்மண்ணைப் பரப்பி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேர் இறங்க இடமில்லை. வெயில் ஏறினால் அந்தக் கல்லும் சூடேறும், மேலே இருக்கும் கொஞ்ச மண்ணும் வறண்டுவிடும். ஐந்தடிக்கு மூன்றடி இடத்தில் ஓரடி ஆழம் தோண்டியதில் ஏழு சிமெண்ட் சாக்கு நிறையக் குப்பை வந்தது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு நான்கு நாள் இறங்கவிட்டேன். இறங்கியதும் இன்னும் இரண்டு சட்டி போட வேண்டியிருந்தது. அந்த நான்கு நாள் பொறுக்காமல் நட்டிருந்தால் இப்போது அங்கே குழி விழுந்து தண்ணீர் தேங்கியிருக்கும்.

நடுவில் இருந்த திட்டுகள் வேறு கதை. ஒரு துண்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால், நன்றாகக் காய்ந்த கல்லில் ஊற்றிய தோசை மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. அடியில் ஒரு வெள்ளை வேர்கூட இல்லை. துண்டோடு வந்த களிமண் ஒரு பக்கம், எங்கள் மண் ஒரு பக்கம், நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மேடு பள்ளம் நிரவாமல் விரித்ததன் பலன். வேர் அந்தரத்தில் தொங்கினால் எவ்வளவு தண்ணீர் விட்டும் பிரயோஜனமில்லை. பிழைக்கும்போல் இருந்த துண்டுகளைத் தூக்கி, கீழே மண்ணைக் கொத்தி, மணலும் மண்புழு உரமும் தூவி, திரும்ப வைத்துத் திமிசுக் கட்டையால் தட்டினேன். துண்டுக்குத் துண்டு இருந்த சந்துகளிலும் அதே கலவையைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்பினேன். ரோலர் வாடகைக்குக் கிடைக்கும் என்றார்கள், இவ்வளவு சின்ன இடத்துக்குத் திமிசு போதும்.

அப்புறம் ஒட்டு வேலை. புதுத் துண்டு வாங்கவே இல்லை. எங்கள் தரையிலேயே நன்றாக அடர்ந்திருந்த இடத்திலிருந்து எடுத்தேன். இரண்டு இன்ச் பிவிசி குழாயில் அரை அடி வெட்டி, ஒரு முனையை அரத்தால் ராவிக் கூராக்கிக்கொண்டேன். மண் ஈரமாக இருக்கும்போது குழாயை வைத்துச் சுத்தியலால் தட்டி, ஒரு திருகு திருகி இழுத்தால் புல், வேர், மண் எல்லாம் ஒரே உருளையாக வரும். பின்பக்கம் கட்டையால் குத்தினால் குழலிலிருந்து புட்டு விழுவது போல விழும். சொட்டையில் அரை அடிக்கு ஒன்றாக அதே அளவு குழி போட்டு நட்டேன். எடுத்த இடத்தில் மணல் எருக் கலவையைப் போட்டு மூடினால், நான்கைந்து வாரத்தில் பக்கத்துக் கொடி ஓடி வந்து அடைத்துவிடுகிறது. ஜூன் தூறலில் நட்டது ஆகஸ்ட் கடைசியில் மண் தெரியாமல் மூடிக்கொண்டது. இந்த இரண்டு வருடத்தில் நான் செய்ததிலேயே செலவில்லாத, பலன் கொடுத்த வேலை இதுதான். நம் மண்ணிலேயே வேர் பிடித்த புல் என்பதால் அது திணறுவதில்லை.

தண்ணீர் விஷயத்திலும் சொதப்பியிருக்கிறேன். தினம் சாயங்காலம் ஹோஸைப் பிடித்துப் பத்து நிமிடம் தெளிப்பேன், மேலே நனையும், கீழே வறளும். இப்போது ஸ்பிரிங்ளர் போட்டு, காலையில், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை நன்றாக விடுகிறேன். போதுமா என்று பார்க்க ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர். சிரமமில்லாமல் நான்கு இன்ச் இறங்கினால் நிறுத்திவிடலாம். புதிதாக ஒட்டு வைத்த இடத்துக்கு மட்டும் முதல் இரண்டு வாரம் தினமும் பூவாளி.

வேர் பிடித்த பிறகும் போகாத மஞ்சளுக்குக் காரணம் போர்வெல் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும்தான், தோட்டத்துக்கு எங்கள் போர்தான், பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து அதிகமானால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது, இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்றது வெளிறும். உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்து, வெயில் தாழ்ந்ததும் தெளித்தேன். பத்து நாளில் நிறம் திரும்பியது. ஆனால் போர்டிகோ டைல்ஸில் பட்ட துளிகள் துருக்கறையாகி இன்றுவரை போகவில்லை. வீட்டம்மாவிடம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெளிப்பதற்கு முன் தரையில் சாக்கு விரியுங்கள்.

உரம் என்று பார்த்தால், நட்ட ஆறு வாரம் கழித்து இந்த 400 சதுர அடிக்கும் சேர்த்துக் கால் கிலோ யூரியா, மணலில் கலந்து தூவி உடனே தண்ணீர். அவ்வளவுதான். ஒரு தடவை கை தவறிக் குவியலாக விழுந்த இடம் கருகிவிட்டது. அந்தச் சொட்டைக்கு நானே பொறுப்பு.

நான் எதிர்பார்க்காத விஷயம் வெட்டுதல். புல்லே பாவம், மெலிந்து கிடக்கிறது, இதில் வெட்டுவதா என்று நான்கு மாதம் மெஷினையே தொடவில்லை. புல் உயரமாக, நூலாக, அடியில் மண் தெரியும்படி வளர்ந்தது. செவ்வந்திக்கு நுனி கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும் என்பது தெரிந்தவன், புல்லுக்கும் அதே கணக்குதான் என்று யோசிக்கவில்லை. கையால் தள்ளும் மெஷின் வாங்கி வாரம் ஒருமுறை வெட்ட ஆரம்பித்ததும் கொடி பக்கவாட்டில் ஓடி அடர்ந்தது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. முதல் நாள் ஆசையில் ஒட்ட வெட்டிவிட்டு, வைக்கோல் நிறத் தரையை மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோற்ற இடமும் உண்டு. மதில் ஓரம், பக்கத்து வீட்டு மாமர நிழலில். மூன்று தடவை ஒட்டு வைத்தேன், மண் மாற்றினேன், மரக்காரரிடம் கெஞ்சி இரண்டு கிளை வெட்டச் சொன்னேன். பெர்முடாவுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், அங்கே இரண்டு மணி நேரம்கூட விழாது. 2024 ஜூனில் அதைப் பிடுங்கிவிட்டு அகல இலை பஃபலோ கிராஸ் நட்டேன். பிடித்துக்கொண்டது. இரண்டும் சேரும் இடத்தில் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரித்தான் இருக்கிறது, நான் பழகிவிட்டேன்.

இன்னும் தீராத தலைவலி கோரை. கேட் ஓரம் நிரப்ப ஒரு லோடு செம்மண் வாங்கினேனே, அதோடு வந்தது. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்று அடுத்த வாரம் இரண்டாக முளைக்கும். மழை விட்ட மறுநாள் களைக்கொத்தியோடு உட்கார்ந்து கிழங்கோடு எடுப்பதுதான் என் வழி. மண் வாங்கினால் குவியலை ஒரு ஓரமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். கோரை இருந்தால் பெரும்பாலும் முளைத்துக் காட்டிவிடும், களைந்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

அம்மாவுக்கு இந்த வேலை எல்லாமே வேடிக்கை. பெர்முடா என்பது நம் அருகம்புல் ஜாதிதான் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "நாங்க காட்டுல களைன்னு பறிச்சுப் போட்டதை நீ துண்டு துண்டா காசு குடுத்து வாங்கியிருக்கியே கண்ணு" என்றார். அன்றிலிருந்து சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு இங்கிருந்துதான் கொழுந்து போகிறது. குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கையகல இடம் எப்போதும் மெலிந்தே கிடக்கும். அதற்கு மட்டும் நான் ஒட்டு வைப்பதில்லை.