விடுதிக்கு வாங்கிய மின்னஞ்சல் பெட்டியும் அதன் குப்பை வடிகட்டியும்: இரண்டு ஆண்டுப் பாவனைக்குப் பின்

மட்டக்களப்பு கல்லடியில் நான்கு அறைகள் கொண்ட சிறிய தங்குவிடுதி ஒன்றை நடத்துகிறேன். விடுதியின் பெயரிலேயே முகவரி இருக்க வேண்டும் என்று எண்ணி, இணையத்தளத்துக்கு இடம் தரும் ஒரு நிறுவனத்திடம் மின்னஞ்சல் பெட்டியையும் சேர்த்து வாங்கி இரண்டு ஆண்டுகளாகின்றன. மடல்கள் தாமதமின்றி வருகின்றன, கைபேசியிலும் சிரமமின்றித் திறக்கின்றன. நான் எழுத வந்தது அதனோடு சேர்த்துத் தரப்படும் குப்பை அஞ்சல் வடிகட்டியைப் பற்றி.

விடுதிக்காரர் முகவரியை ஒளித்து வைத்துப் பிழைக்க முடியாது. தளத்தில் முகவரி தெரிந்தால், பக்கம் பக்கமாக மேய்ந்து முகவரி பொறுக்கும் நிரல்களும் அதைக் கண்டுகொள்கின்றன. முதல் வாரத்திலேயே மாத்திரை விற்பவர்களும், கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களும், இறந்துபோன செல்வந்தரின் பணத்தைப் பங்கிட அழைப்பவர்களும் வரிசையில் நின்றார்கள். கடைசி வகைக்கு நைஜீரியக் குற்றவியல் சட்டக்கோவையின் 419 ஆம் பிரிவின் பெயர் ஒட்டிக்கொண்டாலும், சிறையிலிருக்கும் செல்வந்தனை மீட்க உதவினால் பங்கு தருவதாகச் சொல்லும் "ஸ்பானியக் கைதி" மோசடி 19 ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் நடந்தது.

இந்தத் தொல்லை இணையத்தை விட மூத்தது. 1978 மே 3 அன்று அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்த கெரி தூர்க், புதிய கணினிகளைக் காண வருமாறு இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பிலிருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார், கண்டனங்கள் குவிந்தன. "ஸ்பாம்" என்ற பெயர் பிறகே வந்தது. அது ஹோர்மல் நிறுவனம் 1937 முதல் தகரத்தில் அடைத்து விற்கும் இறைச்சி. 1970 இல் பிபிசியில் வந்த மொண்டி பைதன் குழுவின் நகைச்சுவைக் காட்சியில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சி கூடவே வரும். (நம் சாப்பாட்டுக் கடைக்காரர் யாராவது அக்காட்சியை எழுதியிருந்தால் இன்று எல்லோரும் "பருப்புக் கறி அஞ்சல்" என்றிருப்போம்.)

1982 இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. எனும் அஞ்சல் முறை, அனுப்புநர் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கடித உறையின் பின்புறத்தில் யார் பெயரையும் எழுதலாம் என்பதைப் போன்றதுதான் அது. அனுப்புநர் சொல்வது உண்மைதானா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற சோதனைகள் பின்னர் சேர்க்கப்பட்டாலும், வடிகட்டியின் பெரும்பாலான வேலை ஊகம்தான்.

எனது பெட்டியில் இயங்குவது ஸ்பாம்அசாசின் என்னும் திறந்த மூல மென்பொருள். அது மடலின் ஒவ்வொரு அடையாளத்துக்கும் புள்ளியிட்டுக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டால் மடல் குப்பை. அதன் இயல்பான எல்லை 5. வடிகட்டி விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட சோதனை வரி ஒன்று உண்டு. அதைக் கண்டால் 1000 புள்ளி இட்டுவிடும். அனுப்பிப் பார்த்தேன், உடனே பிடித்தது. மாத்திரைக்காரர்களும் பங்குப் பணக்காரர்களும் இன்றுவரை முன்பெட்டிக்கு வந்ததில்லை என்றே சொல்லலாம்.

எனது மனக்குறை வேறு. சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு, மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்காக சுவிஸிலிருந்து வரும் ஒரு குடும்பம் மூன்று அறைகள் கேட்டு எழுதியிருந்தது. தலைப்பு இல்லை, வாசகம் இரண்டே வரி, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், கீழே கடவுச்சீட்டுகளின் படங்கள். நம்மவர்கள் எழுதும் விதமே அதுதான். அந்த அம்மா தொலைபேசியில் "தம்பி, மெயில் போட்டுப் பத்து நாளாகுது, ஒரு பதிலும் இல்லியே? நாங்க வேற இடத்துல அறை எடுத்திட்டம்" என்று சொன்ன பிறகே குப்பைப் பெட்டியைத் திறந்தேன். மடலோடு மறைவாக வரும் தொழில்நுட்பக் குறிப்புகளில், அது பெற்ற புள்ளி 3.4 என்றிருந்தது. நிறுவனம் எனக்குச் சொல்லாமலே எல்லையை 3 ஆகக் குறைத்து வைத்திருந்தது! அதை 5 ஆக மாற்றித் தரும்படி கேட்டேன். ஒன்பது நாட்கள் கழித்துச் செய்தார்கள். மூன்று அறை வாடகை போனதற்கு மென்பொருளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

வடிகட்டியைப் பழக்கவும் முடியும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல மடல் எது, கெட்டது எது என்று நாம் குறித்துக் கொடுத்தால் சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு அது கற்றுக்கொள்ளும். ஆனால் இரு வகையிலும் 200 மடல்கள் சேரும் வரை அக்கணக்கைப் பயன்படுத்தத் தொடங்காது. குப்பையில் 200 ஒரே மாதத்தில் சேர்ந்துவிட்டது. நல்லதில் 200 சேர மே முதல் செப்டெம்பர் வரையான பருவம் முழுவதும் தேவைப்பட்டது. அதற்குப் பின் வாடிக்கையாளர் மடல் எதுவும் தவறிப் போகவில்லை.

இரண்டு வகைகளுக்கு மட்டும் வடிகட்டி இன்னும் ஏமாறுகிறது. ஒன்று, பன்னிரண்டு பேருக்கு அறை கேட்டு, வாடகைக்கு மேலதிகமாகக் காசோலை அனுப்புவதாகவும் மிச்சத்தை வாகனக்காரருக்கு மாற்றிவிடும்படியும் பணிவாக எழுதும் மடல். காசோலை பின்னர் திரும்பிவிடும், மாற்றிய பணம் திரும்பாது. நான்கு அறைகளில் பன்னிரண்டு பேர் எப்படித் தங்குவார்கள் என்று அவர் ஒருபோதும் கேட்பதில்லை. மற்றையது, முற்பதிவுத் தளத்தின் பெயரைப் போர்த்துக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்பது. களவாடப்பட்ட உண்மையான கணக்கிலிருந்து வந்தால் அனுப்புநர் சோதனைகளிலும் அது தேறிவிடுகிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். வாங்குபவர்கள் முதல் நாளிலேயே எல்லை எத்தனை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். இன்று காலை என் குப்பைப் பெட்டியில் 41 மடல்கள் இருந்தன. ஒன்றுகூட அறை கேட்டு வந்ததல்ல.