மூன்று வருடச் சந்தாவும் ஒரு கண்மாய்க் கரையும்

தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டார்: சைக்கிளுக்கு ரூட் போடும் அந்தச் செயலியின் வருடச் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறதே, வாங்கலாமா? மூன்று வருடமாக அதைப் பயன்படுத்துகிறேன். பொங்கல் முடிந்ததும் பதினோரு பேராகச் செட்டிநாட்டுப் பக்கம் சைக்கிளில் போய்வந்த சூடு இன்னும் ஆறவில்லை, அதனால் பதிலில் கோபம் கலந்துதான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் கிளம்பித் திருமயம் கோட்டை, கானாடுகாத்தானில் முதல் இரவு. மறுநாள் ஆத்தங்குடி, காரைக்குடி, குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டியில் இரண்டாவது இரவு. மூன்றாம் நாள் வைரவன்பட்டி, திருப்பத்தூர். இத்தனைக்கும் கிளம்பும் முன்பே செயலியில் ஒரே மாலையில் வழி போட்டு முடித்தேன். வழியைச் சேமித்து வைக்கும் ஜிபிஎக்ஸ் ஃபைலை எல்லாருக்கும் அனுப்பிவிட்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் எல்லார் ஃபோனிலும் ஒரே கோடு. லாரிகள் ஓடும் சாலையை விட்டு ஊர்களுக்குள் நுழைந்து போகிற வழியை இதைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. போன வருடம் பள்ளத்தூரில், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடுகளின் சுவர் நிழலிலேயே மிதித்துப் போனோம். அந்த அரை மணி நேரத்துக்காகவே அப்போது சந்தாவைப் புதுப்பித்தேன்.

ஆனால் ஒரு குறை மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. தார்ச்சாலைக்கும், தரை எப்படி என்று தகவலே இல்லாத பாதைக்கும் இது ஒரே நிறம் தீட்டுகிறது. அடியில் இருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம். தன்னார்வலர்கள் வரைவது. செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாகத் தெரியும் கண்மாய்க் கரையை யாரோ பாதை என்று வரைந்திருப்பார்கள், தரை விவரம் மட்டும் காலியாக இருக்கும். அதில் தவறில்லை. காலியாக இருப்பதைக் காலி என்று காட்டாமல், நல்ல ரோடு போலக் காட்டுவதுதான் தவறு. இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

இந்த முறை ஆத்தங்குடிக்கு முன்னால் அப்படி ஒரு கரையில் ஏற்றிவிட்டது. ஆடு ஓட்டி வந்த பெரியவர், “தம்பி, கருவ வெட்டிப் போட்டிருக்கு, சைக்கிள் போகாது” என்றார். அதற்குள் பாதித் தூரம் வந்திருந்தோம். சீமைக்கருவை முள் எப்படிப்பட்டது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு பஞ்சர், இரண்டரை மணி நேரம். கண்ணாடியின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்க்கத்தான் சின்னவர்கள் இருவர் வந்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரவுத் தங்கலுக்கு இதை நம்பவே வேண்டாம். படத்தில் கட்டில் குறி இருக்கும், அறை இருக்காது. தை மாதத்தில் பழநிக்கு நடக்கும் நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாகத்தான் போகிறது. அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள் கல்யாணத்துக்குத் திறக்கும்போதும் அப்படித்தான், ஊரில் இருக்கிற அறையெல்லாம் உறவினர்களுக்குப் போய்விடும். இதெல்லாம் ஃபோன் போட்டால்தான் தெரியும். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், பதினோரு சைக்கிளை உள்ளே விடலாமா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று மூன்றையும் தங்கும் இடத்துக் காவல்காரரிடமே நான் கேட்டுவிடுவேன். தங்கும் ஊரை முதலில் முடிவு செய்து, அப்புறம் வழியைப் போடுவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். இலவச வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டு, சந்தேகமான ஒவ்வொரு துண்டுக்கும் அந்தந்த ஊர் டீக்கடையில் விசாரியுங்கள். பள்ளத்தூர் நிழலை மறந்துவிட்டா சொல்கிறேன் என்றால், இல்லை. ஆனாலும் வேண்டாம்.

பிள்ளையார்பட்டியில் படுக்கும் முன் அந்தக் கரைக்கு ‘மண் பாதை’ என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நானே பதிந்துவிட்டேன். சந்தாப் பணம் தானாகப் பிடிப்பதையும் அன்று இரவே நிறுத்தினேன்.