கல்லடி மணலில் வோஷிங் மெஷின் தண்ணி: மூன்று மாரி கண்ட வடிகால்

வோஷிங் மெஷின் வாங்கப் போறவர்கள் எத்தனை கிலோ, வொரண்டி எத்தனை வருசம் என்றெல்லாம் கேட்பார்கள். கழுவின தண்ணி எங்கே போகும் என்று கடைக்காரரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணலில். மெஷின் 7 கிலோ, முன்பக்கம் கதவு உள்ளது. அது ஒழுங்காக ஓடுகிறது. அதைப்பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. தண்ணி போகிற வழியைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

பொருத்த வந்த தம்பி ஹோஸைப் பாத்ரூம் தரை ஓட்டைக்குள் செருகிவிட்டுப் போய்விட்டார். ஹோஸின் நுனி மெஷினுக்குள் நிற்கிற தண்ணியைவிடத் தாழ்ந்து கிடந்தால், பம்ப் ஓடாமலே தண்ணி இழுபட்டு வெளியே போய்விடும். மெஷின் நிரப்ப நிரப்ப அது போய்க்கொண்டே இருக்கும். சோப் கரைய முதலே தண்ணி முடிந்து, கடைசியில் தண்ணி வரவில்லை என்று மெஷின் எரர் காட்டி நின்றுவிடும். இதைப் பழுது என்று நினைத்து ஆள் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

பிறகு சுவரோரம் 50 மில்லிமீற்றர் பிவிசி பைப் ஒன்றை நிமிர்த்தி வைத்தோம். வாய் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஹோஸ் அதற்குள் அரை அடி இறங்கித் தளர்வாகத் தொங்குகிறது. டேப் சுற்றி இறுக்கக் கூடாது, காற்றுப் போக இடம் வேண்டும். பைப்பின் அடியில் வளைந்த ட்ரெப். அதில் தேங்கி நிற்கிற தண்ணிதான் நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போனால் அது வற்றிவிடும். வந்தவுடன் ட்ரெப் நிறையத் தண்ணி ஊற்றினால் போதும். ஒன்று கவனியுங்கள்: பம்ப் இல்லாத மேல்கதவு மெஷின்களுக்கு இது நேர்மாறு. அவற்றின் ஹோஸ் தரையோடு கிடந்தால்தான் தண்ணி இறங்கும்.

உள்ளே இவ்வளவுதான். சோதனை வெளியே, தண்ணி மண்ணில் ஊறிப் போக வேண்டிய வளவில்.

மேசன் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "தங்கச்சி, ஆறடி வெட்டிக் கல்லைப் போட்டா மறுகா பத்து வருசத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தேவையில்ல." மேட்டு நிலத்தில் அது சரி. இங்கே மார்கழியில் கிணற்றை எட்டிப் பாருங்கள், கயிறு இல்லாமல் வாளியால் மொள்ளலாம். அந்த நேரத்தில் ஆறடிக் குழி இன்னொரு கிணறுதான், ஒரு சொட்டும் உள்ளே இழுக்காது. பக்கத்து வீட்டு அக்காவின் குழி அப்படித்தான். மாரியில் மெஷின் தண்ணி விட்டதும் பாத்ரூம் ஓட்டையால் சாம்பல் நிற நுரை பொங்கி வந்தது. முகத்துவாரத்தை மூடிக் கிடக்கிற மணலை வெட்டி, வாவித் தண்ணி கடலுக்கு இறங்கும்வரை அவர் கையால்தான் துவைத்தார்.

அதனால் நாங்கள் ஆழத்தை விட்டு நீளத்துக்குப் போனோம். ஒன்றரை அடி ஆழத்தில் வேலியோரமாக நீளமான கிடங்கு, உள்ளே உடைந்த செங்கல்லும் சல்லியும், மேலே மூடி மண், இரண்டு பக்கமும் வாழை. வீட்டின் தரை உயரம் என்பதால் பைப்புக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு கிடைத்தது. மூடிய கிடங்கு, ஆகவே நுளம்பும் இல்லை, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பயமும் இல்லை. கிணற்றுக்கு ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். சின்ன வளவுகளில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். எங்களுக்கு இடம் தேடுவதுதான் பெரிய வேலையாகிப் போனது.

அடைமழை நாட்களில் இந்தக் கிடங்கும் நிரம்பும், மறைக்க ஒன்றுமில்லை. அப்போது மெஷினை நிறுத்திவிடுவோம். உடுப்புக் காயப்போவதும் இல்லைத்தானே.

மலசலகூடக் குழிக்குள் விடச் சொன்னவர்களும் இருந்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஒரு தரம் துவைக்க ஐம்பது லீற்றர் போகும். அது ஒரேயடியாக உள்ளே பாய்ந்தால் அடியில் படிந்தது கலங்கி, ஊறல் குழிக்குப் போய் அடைக்கும்.

கிடங்குக்கு முன்னால் சின்னக் கொங்கிரீட் தொட்டி ஒன்றும், அதில் கம்பி வலையும் வைத்தோம். இதுவரை செய்ததில் காசுக்கு மிகப் பெறுமதியான வேலை இதுதான். வலையைத் தூக்கினால் துவாய் நூலும் தலைமயிரும், பிள்ளைகள் கடற்கரையில் உடுப்போடு கொண்டு வந்த மணலும் சேர்ந்து, நனைந்த கம்பளி மாதிரி ஒரு பாளம் வரும். கையால் உரித்தெடுக்கலாம். இது கிடங்குக்குள் போயிருந்தால் சல்லி எப்போதோ அடைபட்டிருக்கும்.

வாழை செழிப்பாக நிற்கிறது. பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைதான் மஞ்சளாகிப் போனது, பிடுங்கி வேறு இடத்தில் நட்டோம். பிளீச் போட்ட தண்ணியை இந்தப் பக்கம் விடுவதில்லை. வெள்ளைப் பள்ளிச் சீருடையை வாளியில் தனியாகத்தான் ஊற வைக்கிறோம்.

குறை என்று ஒன்று: வெளிச்சுவரில் வெயில் படுகிற பைப் நிறம் மங்கி, எல்போவுக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்புக் கண்டிருக்கிறது. அந்தத் துண்டை மாற்றிப் பெயின்ட் அடிக்க வேண்டும். புரட்டாசிக்குள் முடித்தால் நல்லது. மழை தொடங்கினால் மேசனைப் பிடிப்பது கஷ்டம்.