பேண்டோபிரசோல் 40: மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'கேஸ் மாத்திரை' எப்படி?

வண்ணாரப்பேட்டையோ தண்டையார்பேட்டையோ, எந்த மெடிக்கலில் கொஞ்ச நேரம் நின்றாலும் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்ற குரல் காதில் விழும். அப்படிக் கேட்பவர் கைக்குப் பல நேரம் போவது பேண்டோபிரசோல் 40 மில்லிகிராம். மருந்து என்ற அளவில் இதற்கு முழு மார்க் போடலாம். எதுக்களிப்பை அடக்கவும் அல்சர் ஆறவும் இதைப் போல நின்று வேலை செய்யும் மாத்திரைகள் குறைவு. மாத்திரை போடும் நேரம் தவறுவதால்தான் பலருக்கு அதன் பலன் பாதியில் நின்றுவிடுகிறது.

இந்த மாத்திரை வயிற்றில் நேரடியாக வேலை செய்வதில்லை. குடலில் கரைந்து, ரத்தம் வழியாக அமிலம் சுரக்கும் செல்லுக்குப் போய், அமிலத்தை வெளியே தள்ளும் அங்குள்ள பம்பைப் பூட்டுகிறது. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டும்தான். சோறு உள்ளே போனால்தான் பம்புகள் ஓடத் தொடங்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஓரிரு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட்டால், பம்பு ஓடும் நேரமும் மருந்து வந்து சேரும் நேரமும் ஒத்துப்போகும். எல்லாப் பம்பும் முதல் நாளே பூட்டிக்கொள்ளாது; முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். முதல் ராத்திரியே "இன்னும் எரியுதே" என்று இரண்டாவது மாத்திரை போடுவது வீண்.

'காலையில் ஒன்று' என்று கவரில் எழுதிக் கொடுப்பது எல்லோருக்கும் பொருந்தாது. காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலத்துக்கு நிற்பவருக்கும், எண்ணூரில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுப்பவருக்கும் காலை என்பது வேறு வேறு நேரம். அவரவர் நாளின் முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று சொல்லிக் கொடுங்கள். டீயும் பன்னும்கூட அதற்குப் பிறகுதான்.

மேல்பூச்சு இந்த மாத்திரையின் உயிர். அமிலத்தில் கரையாமல் குடல்வரை போகத்தான் அந்தப் பூச்சு. உடைத்தாலோ மென்றாலோ மருந்து வயிற்றிலேயே கெட்டுவிடும். மூக்குக் குழாய் போட்ட நோயாளிக்கு வீட்டில் இதை இடித்துக் கரைத்து ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. குழாயும் அடைக்கும், பலனும் இராது. அவர்களுக்கு வேறு வடிவம் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். வார்டில் ஊசியாகப் போடும்போது 40 மில்லிகிராம் மருந்துக் குப்பியை 10 மில்லி நார்மல் சலைனில் (உப்பு நீரில்) கரைத்து, குறைந்தது 2 நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் லைனை, அதாவது நரம்பில் போட்ட குழாயை, ஃப்ளஷ் செய்து கழுவுங்கள். மிடாசோலம் என்ற மயக்க மருந்து ஓடும் லைனில் சேர்க்கவே கூடாது.

வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்த்த கேப்ஸ்யூலை மாதக்கணக்கில் வாங்குவதற்கு நான் மார்க் தரமாட்டேன். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது. நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே வரம்பு வைத்தது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர், இதே வகை மாத்திரையான ஒமிப்ரசோலைத் தவிர்ப்பது நல்லது. க்ளோபிடோக்ரெலின் பலனை ஒமிப்ரசோல் குறைக்கும். பேண்டோபிரசோலில் அந்தத் தொல்லை குறைவு.

உடனடி எரிச்சலுக்கு அமிலத்தைத் தணிக்கும் ஜெல் பாட்டில்தான் வேகம். நன்றாகக் குலுக்கி, லேபிளில் போட்ட அளவை ஊற்றுங்கள். அதிலுள்ள அலுமினியம் மலத்தை இறுக்கும், மெக்னீசியம் இளக்கும். கிட்னி பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் ஜெல்லுக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஜெல்லுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். தைராய்டு மாத்திரை என்றால் 4 மணி நேர இடைவெளி. சுக்ரால்ஃபேட் என்ற அல்சர் மருந்து புண்ணின் மேல் பூச்சாகப் படிவது, அதனால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பு. ஜெல்லோடு சேர்த்துக் குடித்தால் சரியாக ஒட்டாது. நடுவில் அரை மணியாவது விடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் பழைய மாத்திரையான ரானிடிடினைப் பழக்கத்தில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022-ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. அதே வகையான ஃபாமோடிடின் பரவாயில்லை, ஆனால் தினமும் போட்டால் சில நாளிலேயே உடம்பு பழகிவிடும்.

விலை அதிகம் என்றால் மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக் பேண்டோபிரசோல் கேளுங்கள், மருந்து அதேதான். அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், நம் கடற்காற்றின் ஈரம் பூச்சுக்கு ஆகாது.

வருடக்கணக்கில் தானாக வாங்கிப் போடுபவர்களை நினைத்தால்தான் கவலை. மெக்னீசியமும் பி12-ம் குறையலாம், எலும்பு முறியும் வாய்ப்பு கூடலாம். திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிடப் பொங்கும், அதனால் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைப்பது நல்லது. அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் கிருமி என்றால் இந்த மாத்திரை மட்டும் போதாது. ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் சாப்பிட வேண்டும். அந்தக் கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை எடுப்பதானால் 2 வாரம் முன்பே பேண்டோபிரசோலை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம்.

நெஞ்செரிச்சலோடு வியர்வை, தாடை அல்லது இடது கை வலி இருந்தால் மெடிக்கலுக்குப் போகாமல் நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். காப்பித்தூள் போல வாந்தி, தார் போலக் கறுத்த மலம் என்றாலும் அங்கேதான். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்தக் கடுமையான நாற்றமும் இருக்காது.