காகிதத்தில் வட்ட ஓட்டையைக் காட்டி ஏமாற்றிய வில் கடை: டர்பன் பக்கம் இருப்பவர்கள் கவனம்

குளிர்கால வேட்டைக்கு முன்னால் காம்பவுண்ட் வில்லை (இரு நுனியிலும் சக்கரம் வைத்த வில்) கடையில் கொடுத்து டியூன் செய்ய, அதாவது அம்பு நேராகக் கிளம்பும்படி சரிப்படுத்த, நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என்னுடையது 70 பவுண்டு விசையில் இழுக்க வேண்டிய வில், நாணை இழுக்கும் நீளம் (இழுப்பு) 29 இன்ச். புது நாண், புது கேபிள், முழு டியூனிங், கூடவே ஒரு டஜன் கார்பன் அம்பு என்று எல்லாவற்றையும் ஒரே கடையில் கொடுத்தேன். பில் 6,000 ரேண்டைத் தாண்டியது. வில்லைத் திருப்பித் தரும்போது, என் அம்பை எய்து துளைத்தது என்று ஒரு காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள். நடுவில் அழகான வட்ட ஓட்டை, அதைச் சுற்றி இறகு கிழித்த மூன்று கீறல். அம்பு ஆடாமல் நேராகப் போகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம்.

ஜூலுலாந்தில், முகூஸே பக்கம் ஒரு வேட்டைப் பண்ணையில் இம்பாலா மான் வேட்டைக்கு இடம் பிடித்திருந்தேன். இந்த மாதிரிப் பண்ணைகளில் காயம்பட்டு ஓடிய மிருகத்துக்கும் முழு விலை கட்ட வேண்டும். அதனால் மறைவிடத்தில் உட்கார விடுவதற்கு முன் குறிப்பலகையில் எய்து காட்டச் சொல்வார்கள். 20 மீட்டரில் பயிற்சி முனை போட்ட அம்பு நடுவில் போய்ப் பட்டது. அதே இடத்தைக் குறிவைத்து பிராட்ஹெட் (வேட்டைக்கான, தகடு வைத்த கூர்முனை) போட்டு விட்டால் ஒரு சாண் தள்ளிப் போகிறது. திரும்ப விட்டாலும் அங்கேதான். பண்ணைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. அவர் செய்தது சரி.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கும் மாமா பல வருடம் வில் வைத்திருப்பவர். வில்லைப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தைக் கையில் எடுத்தார். "ஏன்டா தம்பி, உன் அம்புக்கு எத்தனை இறகு?" நான்கு. நான்கு இறகு வேண்டும் என்று நான் கேட்டு ஒட்டி வாங்கியவை. காகிதத்தில் மூன்று கீறல்தான். அந்த ஓட்டை என் அம்பு போட்டதே இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்க்க நான் மெதுவாக இழுத்தபோது, மேல் கேம் (வில் நுனியில் நாண் சுற்றும் சக்கரம்) முதலில் போய் முட்டியது, கீழ் கேம் பின்தங்கியே வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் முட்டினால்தான் நாண் நேராகத் தள்ளும். ரெஸ்ட்டில் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) அத்தையின் முகப் பவுடரைத் தூவி ஒரு அம்பு விட்டோம் (விபூதித் தட்டைத் தொட்டால் தெரியும் சேதி என்று அத்தை முன்பே சொல்லிவிட்டார்). இறகு ரெஸ்ட்டில் உரசிய தடம் தெளிவாக விழுந்தது. கடைக்காரர்கள் தொட்டது சைட்டை (குறிபார்க்கும் பாகம்) மட்டும்தான்.

பயிற்சி முனையை வைத்து ஏமாற்றுவது சுலபம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அம்பு வில்லை விட்டுக் கோணலாகக் கிளம்பினாலும் பின்னால் உள்ள இறகுகள் அதைக் கொஞ்ச தூரத்தில் நேராக்கிவிடும். பிறகு சைட்டைத் திருகினால் குறியில் போய்ப் படும், வாங்குபவருக்கும் திருப்தி. பிராட்ஹெட்டில் முன்பக்கமே தகடுகள் இருக்கின்றன. கோணலாகக் கிளம்பும் அம்பில் அந்தத் தகடுகளும் காற்றைப் பிடித்து அம்பை வேறு பக்கம் இழுக்கும். ஆகவே இரண்டு முனையும் ஒரே இடத்தில் படவில்லை என்றால் வில் டியூன் ஆகவில்லை. அப்போது சைட்டைத் தொடக் கூடாது. பிராட்ஹெட் பட்ட இடத்திலிருந்து பயிற்சி முனை பட்ட இடம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமாக ரெஸ்ட்டை மயிரிழை அளவு நகர்த்தி மறுபடி எய்து பார்க்க வேண்டும்.

ஆனால் எங்களுக்கு ரெஸ்ட்டை நகர்த்தியும் சரியாகவில்லை. மாமாவுக்குச் சந்தேகம் வந்து அம்பின் பின்பக்கம் ஒட்டியிருந்த வண்ண ஸ்டிக்கரை உரித்தார். உள்ளே 500 என்று அச்சடித்திருந்தது. பில்லில் இருப்பது 340.

இந்த எண்தான் ஸ்பைன். 28 இன்ச் இடைவெளியில் தண்டை வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு. 500 என்றால் அரை இன்ச் வளையும். எண் கூடக்கூடத் தண்டு தொய்வு. 70 பவுண்டு வில்லுக்கு என் இழுப்பில் 340 வாக்கில் வேண்டும். 500 தண்டு அந்த வில்லில் நேராகப் பறக்காது என்பதோடு போகாது. நாண் தள்ளும் வேகத்தில் உடைந்தால் கார்பன் சில்லு வில் பிடித்த கையில்தான் ஏறும். விற்காமல் கிடந்த சரக்கை ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கடையில் போய்க் கேட்டதற்கு முதல் பதில், நான் வில்லைப் பிடிக்கும் விதம் தவறு. மூன்று கீறலைக் காட்டியதும், காகிதம் மாறியிருக்கும் என்றார்கள். ஸ்டிக்கரைப் பற்றிப் பேச்சே இல்லை, கிரெடிட் நோட் (பணத்துக்குப் பதில் அதே கடையில் பொருள் வாங்கும் சீட்டு) தருகிறோம் என்றார்கள். அதை வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பணமா, மாற்றா, பழுதுபார்ப்பா என்று நாமே கேட்கலாம். பழுதுபார்ப்பில் போட்ட புது உதிரிக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் 57-ஆம் பிரிவில் 3 மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை எடுத்து வைத்து நம்மிடம் தர வேண்டும் என்று 67-ஆம் பிரிவு சொல்கிறது. என் பழைய நாண் எங்கே என்று கேட்டால், குப்பையில் போட்டாயிற்றாம்.

பில், காகிதம், உரித்த ஸ்டிக்கரின் படம் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் காகிதத்தில் உங்கள் அம்பை நீங்களே எய்யுங்கள், பிராட்ஹெட்டையும் கையோடு கொண்டு போங்கள். ஸ்டிக்கர் சுற்றிய அம்பு ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை நாணில் பூட்டுவதற்கு முன் ஒன்றையாவது உரித்து எண்ணைப் பாருங்கள்.